பாஸ்பேட் உரமும் வயல் மண்ணின் யுரேனியமும்: ஓர் அளவீட்டை எப்படி வாசிப்பது?

உரமிட்ட வயலின் மண்ணில் யுரேனியம் இருப்பதாகச் செய்தி வரும்போது, பெரும்பாலும் அதோடு ஓர் எண்ணும் சேர்ந்தே வருகிறது. கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று ஓர் அறிக்கை சொல்லும்; கிலோவுக்கு 37 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை என்பதால், இரண்டாவது எண்ணைப் படிப்பவருக்கு அச்சம் கூடுகிறது. அந்த அளவில் உரம் கொண்டுவந்தது எவ்வளவு, உரம் என்ற ஒன்று புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தது எவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு எண்களுமே விடை தருவதில்லை.

மண்ணில் யுரேனியம் இருப்பதைக் கண்டுபிடிப்பது இன்றைய கருவிகளுக்கு எளிய வேலை. ஏற்கெனவே இருந்ததன் மேல் உரம் கூட்டிய சிறு பங்கைப் பிரித்துக் காட்டுவதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வெளியே, மாதிரி எடுக்கும் முறையிலும் எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதிலும் அடங்கியிருக்கிறது.

யுரேனியம் இல்லாத மண் இல்லை

நிலத்தின் மேலோட்டில் யுரேனியத்தின் சராசரி அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 2.7 மில்லிகிராம். வெள்ளியைவிட முப்பது மடங்குக்கும் மேலாக அது பூமியின் மேலோட்டில் பரவிக் கிடக்கிறது. கிரானைட் சிதைந்து உருவான மண்ணில் இந்த அளவு கூடும். குவார்ட்ஸ் மணல் மிகுந்த மண்ணில் 1 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கும். மனிதக் கை படாத மண்ணில் இயல்பாக இருக்கும் இந்த அளவைப் பின்னணி அளவு என்கிறோம். இது இடத்துக்கு இடம் மாறும் என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கு இதுவே வேர்.

இயற்கை யுரேனியம் மூன்று ஐசோடோப்புகளின், அதாவது நிறையில் மட்டும் வேறுபடும் மூன்று அணு வகைகளின், கலவை. யுரேனியம் 238 அணுக்களின் எண்ணிக்கையில் 99.27 சதவீதம், யுரேனியம் 235 வெறும் 0.72 சதவீதம், யுரேனியம் 234 அதைவிட மிகச் சிறிய பங்கு. யுரேனியம் 238இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். அது சிதைந்து தோரியம் 234 ஆகி, படிப்படியாக யுரேனியம் 234, தோரியம் 230, ராடியம் 226, ரேடான் 222 என்று இறங்கி, ஈயம் 214, பிஸ்மத் 214 ஆகியவற்றையும் கடந்து, கடைசியில் நிலையான ஈயமாகிறது. நெடுங்காலம் கலைக்கப்படாமல் கிடந்த பாறையில் இந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணியும் நொடிக்குச் சம எண்ணிக்கையில் சிதையும். இதைக் கதிரியக்கச் சமநிலை என்பர். இந்தச் சமநிலை உர ஆலையில் குலைகிறது என்பதும், பல அளவீடுகள் அது குலையவில்லை என்று எண்ணிக்கொண்டே செய்யப்படுகின்றன என்பதும் இந்த விஷயத்தின் மையமான இரண்டு உண்மைகள்.

அலகுகளைப் பொறுத்தவரை மூன்று மாற்றுகளை அறிந்திருந்தால் போதும்.

1. ஒரு மில்லிகிராம் இயற்கை யுரேனியத்தில் யுரேனியம் 238 மட்டும் 12.4 பெக்கரல் கதிரியக்கம் காட்டும். அதாவது நொடிக்கு 12.4 அணுக்கள் சிதையும். மூன்று ஐசோடோப்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 பெக்கரல். எனவே ஒரே மண்ணை ஓர் அறிக்கை 37 என்றும் மற்றொன்று 75 என்றும் குறித்தால், இரண்டில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.
2. சுரங்கத் துறை சார்ந்த அட்டவணைகள் யுரேனியத்தை ஆக்சைடு கணக்கில் தரும். அந்த எண்ணை 0.848ஆல் பெருக்கினால்தான் தனிம அளவு கிடைக்கும்.
3. உரத்தில் உள்ள பாஸ்பரஸ், பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில் எழுதப்படுகிறது. தனிம பாஸ்பரஸ் அதில் 43.6 சதவீதம் மட்டுமே.

உரத்துக்குள் அது எப்படி வந்தது

யாரும் அதைச் சேர்ப்பதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 3.3 மைக்ரோகிராம் அளவில் யுரேனியம் கரைந்திருக்கிறது. கடலடியில் பாஸ்பேட் படிந்து அபடைட்டு என்ற கனிமமாக இறுகும்போது, கால்சியத்தோடு ஏறத்தாழ ஒத்த பருமன் கொண்ட யுரேனிய அயனி அதன் படிகத்துக்குள் இடம்பிடித்துக்கொள்கிறது. ஆகவே மொராக்கோ, புளோரிடா போன்ற இடங்களின் கடற்படிவப் பாஸ்பேட் பாறைகளில் கிலோவுக்குப் பொதுவாக 50 முதல் 200 மில்லிகிராம் வரை யுரேனியம் உண்டு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் எடுக்கப்படுவது போன்ற எரிமலைக் குழம்பு வழிப் பாறைகளில் அது மிகக் குறைவு. உரத்தில் உள்ள யுரேனியம் எந்த ஆலையில் அது தயாரானது என்பதைவிட, எந்தச் சுரங்கத்திலிருந்து பாறை வந்தது என்பதையே அதிகம் சார்ந்தது. புளோரிடாவில் பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து யுரேனியத்தை வணிக அளவில் பிரித்தெடுத்த காலமும் ஒன்றுண்டு. யுரேனியத்தின் விலை சரிந்ததும் அந்தத் தொழில் நின்றது. விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பேச்சு மீண்டும் தலைதூக்குவது வழக்கம்.

பாறையைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது அது இரண்டாகப் பிரிகிறது: ஒருபுறம் பாஸ்பாரிக் அமிலம், மறுபுறம் பாஸ்போஜிப்சம் எனப்படும் கழிவு. யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடு போகிறது. ராடியத்தின் பெரும்பகுதி ஜிப்சத்தில் தங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்திருந்த தாயும் மகளும் ஆலையில் சில மணி நேரத்தில் பிரிந்துவிடுகின்றனர். அந்த அமிலத்தை அம்மோனியாவோடு சேர்த்து டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் செய்தால், அதில் யுரேனியம் மிகுதியாகவும் ராடியம் மிகக் குறைவாகவும் இருக்கும். சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் ஜிப்சம் பிரிக்கப்படுவதில்லை என்பதால் இரண்டும் வயலுக்கு வருகின்றன. டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, ஏனெனில் அதில் அமிலத்தோடு மீண்டும் புதிய பாறைத் தூள் கலக்கப்படுகிறது.

ஒரு ஹெக்டேரின் கணக்கு

எவ்வளவு சேர்கிறது என்பதைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம். கீழே உள்ள எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. தத்தம் நிலத்துக்கு ஏற்ப யாரும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

1. ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 60 கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடு தேவை என்று கொள்வோம். 46 சதவீதம் உள்ள டிஏபியில் அது ஏறத்தாழ 130 கிலோ.
2. அந்த டிஏபியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் யுரேனியம் இருந்தால், ஆண்டுக்கு நிலத்தில் சேர்வது 13 கிராம்.
3. மேல் 20 சென்டிமீட்டர் மண், கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அடர்த்தியில், ஹெக்டேருக்கு 26 இலட்சம் கிலோ.
4. 13 கிராமை 26 இலட்சம் கிலோ மண்ணில் பரப்பினால், கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் உயர்வு.
5. ஐம்பது ஆண்டுகள் இடைவிடாமல் இட்டு, எதுவும் வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டால், உயர்வு 0.25 மில்லிகிராம்.

அதே 20 சென்டிமீட்டர் மண்ணில், பின்னணி அளவு 2.7 மில்லிகிராம் என்றால், ஏற்கெனவே ஹெக்டேருக்கு 7 கிலோ யுரேனியம் இருக்கிறது. அரை நூற்றாண்டு உரமிடுதல் அதன்மேல் 650 கிராம் சேர்க்கிறது. சதவீதத்தில் சொன்னால் ஒன்பதுக்குச் சற்று மேல். இது அலட்சியப்படுத்தத் தக்கதன்று, ஆனால் ஒற்றை மாதிரியில் கண்ணுக்குத் தெரியக்கூடியதும் அன்று.

எதுவும் வெளியேறவில்லை என்ற அனுமானம் முற்றிலும் கற்பனையல்ல. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் நெடுங்காலப் பரிசோதனை வயல்கள் தொடர்ந்து பேணப்படுகின்றன. அங்கே பல பத்தாண்டுகளாக சூப்பர் பாஸ்பேட் இடப்பட்ட நிலங்களின் மண்ணை ஆராய்ந்து 1979இல் வெளியான ஆய்வு, உரத்தோடு வந்த யுரேனியத்தின் பெரும்பகுதி உழவு அடுக்கிலேயே தங்கியிருப்பதாகக் காட்டியது. விளைச்சலோடு வெளியேறும் பங்கு மிகச் சொற்பம்: தானியத்தில் யுரேனியம் மைக்ரோகிராம் அளவிலேயே ஏறுவதால், சில டன் அறுவடை எடுத்துச்செல்வது மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். உள்ளே வருவதோ கிராம் கணக்கு.

மாதிரி எடுப்பதில்தான் பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது

ஒரே வயலில் பத்து அடி தள்ளி எடுத்த இரண்டு மாதிரிகள் ஒரே எண்ணைத் தருவதில்லை. களிமண் சற்றுக் கூடிய இடத்தில் யுரேனியம் கூடும், மணல் கூடிய இடத்தில் குறையும். இந்த இயல்பான சிதறலை, அதாவது திட்ட விலக்கத்தை, 0.4 மில்லிகிராம் என்று கொள்வோம், 2.7ஐச் சராசரியாகக் கொண்ட வயலுக்கு இது மிகையான ஊகமன்று. உரமிட்ட வயலையும் இடாத வயலையும் ஒப்பிட்டு, 0.25 மில்லிகிராம் வேறுபாட்டை 95 சதவீத நம்பிக்கையோடு, ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு வயலிலும் ஏறத்தாழ 40 தனித்தனி மாதிரிகள் தேவை என்று புள்ளியியல் சூத்திரம் சொல்கிறது. வயலுக்கு மூன்று மாதிரி எடுத்துவிட்டு "உரத்தால் யுரேனியம் கூடியுள்ளது" என்றோ "கூடவில்லை" என்றோ எழுதும் அறிக்கைகள் இரண்டுமே தம் தகுதிக்கு மீறிப் பேசுகின்றன.

அதே சூத்திரத்தில் ஓராண்டு உயர்வான 0.005 மில்லிகிராமைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு வயலுக்கும் ஓர் இலட்சம் மாதிரி என்று விடை வருகிறது. சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையே உரத்தால் மண்ணில் யுரேனியம் உயர்ந்தது என்று யாராவது காட்டினால், அவர் காட்டுவது மாதிரியின் சிதறலையே.

மாதிரி எடுக்கும் கையில் நடக்கும் பிழைகள் சிறியவையாகத் தோன்றும்; விளைவில் அப்படியில்லை. மண் துளைக்கருவியை 20 சென்டிமீட்டர் இறக்க வேண்டிய இடத்தில், காய்ந்து இறுகிய மண்ணால் 14 சென்டிமீட்டரோடு நிறுத்திவிட்டால், உழாத நிலத்தில் உரம் தங்கும் மேற்பகுதி மட்டுமே குப்பிக்குள் வந்து எண் உயர்ந்துவிடும். வரப்பு ஓரத்தில் இயந்திரம் திரும்பும் இடத்தில் உரம் இருமுறை விழுந்திருக்கும். உர மூட்டைகளைப் பிரித்துக் கொட்டும் மூலையில் பல ஆண்டுச் சிதறல் சேர்ந்திருக்கும். அங்கிருந்து ஒரே ஒரு பிடி மண் கூட்டு மாதிரியில் கலந்தாலும் சராசரி நகர்ந்துவிடும். ஆகவே ஒழுங்கான திட்டத்தில் பின்வருபவை எழுத்தில் இருக்கும்:

1. கட்டம் கட்டிக் குறித்த புள்ளிகள், ஓரங்களும் மூட்டை பிரித்த இடங்களும் நீங்கலாக.
2. நிலையான ஆழம்; முடிந்தால் 0–5, 5–20, 20–40 சென்டிமீட்டர் என்று தனித்தனி அடுக்குகள்.
3. ஒவ்வோர் அடுக்கிலும் மண்ணின் அடர்த்தி. இது இல்லாமல் கிலோவுக்கு மில்லிகிராம் என்பதை ஹெக்டேருக்குக் கிராம் என்று மாற்ற வழியில்லை.
4. உரமிடாத ஒப்பீட்டு நிலம், அதே தாய்ப்பாறையும் அதே மண் நயமும் (மணல், களிமண் விகிதமும்) கொண்டதாக.

நான்காவதுதான் கிடைப்பதற்கு அரியது. உரமிடாமல் விடப்பட்ட நிலம் பெரும்பாலும் உழவுக்கு உதவாத நிலமாகவே இருக்கும். சரிவிலோ, கல்லாந்தரையிலோ, நீர் தேங்கும் பள்ளத்திலோ. அதன் பின்னணி அளவு வேறாக இருப்பதில் வியப்பில்லை. காட்டோரத்து மண்ணோடு வயல் மண்ணை ஒப்பிட்டு உரத்தின் மேல் பழி போட்ட முடிவுகளும், அதே வகை ஒப்பீட்டால் உரத்துக்கு நற்சான்று தந்த முடிவுகளும் ஒரே அளவுக்குப் பலவீனமானவை.

ஆய்வகத்தில்: எதைக் கரைத்தோம், எதை எண்ணினோம்

மண்ணைக் காற்றில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மாவாக அரைத்த பிறகு இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, மண்ணைக் கரைத்து அணுக்களை எண்ணுவது. மற்றொன்று, கரைக்காமல் கதிர்களை எண்ணுவது.

முதல் வழியில் இன்று பெரிதும் பயன்படுவது ஐசிபி-எம்எஸ் எனப்படும் பிளாஸ்மா நிறை நிறமாலைமானி. ஏறத்தாழ 238 என்ற நிறைக்கு அருகில் குழப்பம் விளைவிக்கும் வேறு அயனி பெரிதாக இல்லாததால், யுரேனியம் இந்தக் கருவிக்கு உகந்த தனிமம். கரைசலில் லிட்டருக்கு நானோகிராம் அளவையும் அது பார்த்துவிடும். ஆனால் அது பார்ப்பது கரைசலை மட்டுமே. மண்ணில் யுரேனியத்தின் ஒரு பகுதி சிர்கான், மோனசைட் போன்ற உறுதியான மணிகளுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவையான இராஜ திராவகத்தில் மண்ணைக் கொதிக்க வைத்தால் அந்த மணிகள் அசையாமல் அடியில் கிடக்கும். மண்ணைப் பொறுத்து மொத்த யுரேனியத்தில் கணிசமான பங்கு கணக்கில் வராமலே போகும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்த கரைப்பு அதைவிட மேல். சிர்கானையும் விடக்கூடாது என்றால் லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கரைக்க வேண்டும். ஓர் ஆய்வகம் இராஜ திராவகத்தில் 1.5 என்றும், இன்னொன்று முழுக் கரைப்பில் 2.7 என்றும் தந்தால், அவை முரண்படவில்லை. வேறு வேறு கேள்விகளுக்கு விடை தந்திருக்கின்றன.

முழுக் கரைப்பே மேலானது என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையே பரவலாக உண்டு. உரக் கேள்விக்கு மட்டும் அது எப்போதும் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. உரத்தோடு வந்த யுரேனியம் சிர்கான் மணிக்குள் நுழைவதில்லை. இரும்பு ஆக்சைடுகளின் மேலும் மக்கின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே உறுதியான மணிகளைத் தொடாத மென்மையான கரைப்பில் அந்த 0.25 மில்லிகிராம், 2.7இன் மேல் ஒன்பது சதவீதமாகத் தெரிவதற்குப் பதிலாக, 1.5இன் மேல் பதினேழு சதவீதமாகத் தெரியும். சேர்மானத்தைத் தேடுகிறவருக்கு இது ஆதாயம். மொத்த இருப்பைக் கேட்கிறவருக்கு முழுக் கரைப்புதான் வழி. அறிக்கையில் எந்தக் கரைப்பு என்ற ஒரு வரி இல்லையென்றால், எண்ணுக்கு எந்த மதிப்பும் தர முடியாது.

இரண்டாவது வழியான காமா நிறமாலை அளவீட்டில்தான் பெரிய பொறி இருக்கிறது. யுரேனியம் 238 தானே வெளியிடும் காமா கதிர் மிகவும் மெலிந்தது என்பதால், அதன் சந்ததிகளின் கதிர்களைக் கொண்டே அதை அளக்கிறார்கள். ஒவ்வொரு கதிரும் தன் ஆற்றலுக்குரிய இடத்தில் நிறமாலையில் ஒரு கோடாகத் தெரியும்; எளிதாகத் தெரிபவை ஈயம் 214இன் 352 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கோடும், பிஸ்மத் 214இன் 609 கோடும். மண்ணைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து மூன்று நான்கு வாரம் காத்திருந்தால் ரேடான் சமநிலைக்கு வந்துவிடும். பிறகு இந்தக் கோடுகள் தெளிவாக எழும். ஆனால் அவை அளப்பது ராடியம் 226ஐத்தான். ராடியமும் யுரேனியமும் சமநிலையில் உள்ளன என்று எடுத்துக்கொண்டு, அதே எண்ணை யுரேனியம் என்று அட்டவணையில் எழுதிவிடுகிறார்கள்.

டிஏபி இட்ட வயலில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். ஐம்பது ஆண்டு உரம் யுரேனியம் 238இன் கதிரியக்கத்தைக் கிலோவுக்கு 3 பெக்கரல் உயர்த்தியிருக்கிறது. ராடியமோ ஆலையின் ஜிப்சம் குவியலில் தங்கிவிட்டதால் கிட்டத்தட்ட உயரவே இல்லை. வயலுக்கு வந்த யுரேனியத்திலிருந்து புதிய ராடியம் பிறந்து சமநிலை எய்த, இடையில் நிற்கும் தோரியம் 230இன் அரை ஆயுளான ஏறத்தாழ 75,000 ஆண்டுகளை ஒட்டிய காலமாவது வேண்டும். ஆக, 609 கோட்டை நம்பிய ஆய்வகம், தான் தேடிப் புறப்பட்ட ஒன்றையே பார்க்க முடியாத கண்ணாடியை அணிந்திருக்கிறது. "உரத்தால் மாற்றமில்லை" என்ற முடிவு அதிலிருந்து வருமானால், அது வயலைப் பற்றிய செய்தியல்ல.

சரியான கோடுகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குறையோடு வருகிறது.

1. தோரியம் 234இன் 63 கோடு. இதன் அரை ஆயுள் 24 நாள்தான் என்பதால் யுரேனியத்தோடு விரைவில் சமநிலைக்கு வந்துவிடும். ஆனால் ஆற்றல் குறைவானதால் மண்ணே அதை விழுங்குகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் உறிஞ்சலைத் திருத்த வேண்டும்.
2. தோரியம் 234 சிதைந்து பிறக்கும் புரோடாக்டினியம் 234எம் வெளியிடும் 1001 கோடு. உறிஞ்சல் தொல்லை இல்லை. ஆனால் நூறு சிதைவுக்கு ஒன்றுகூட இந்தக் கதிரைத் தருவதில்லை, 0.84 சதவீதம் மட்டுமே. அரைக் கிலோ மண்ணை, நூற்றில் ஒரு கதிரைப் பிடிக்கும் கருவியில் ஒரு நாள் முழுவதும் வைத்தால், ஏறத்தாழ 120 எண்ணிக்கை கிடைக்கும். அதன் புள்ளியியல் தடுமாற்றமே ஒன்பது சதவீதம். நாம் தேடும் உயர்வும் ஒன்பது சதவீதம்.
3. யுரேனியம் 235இன் 185.7 கோடு. இதற்கு அரைக் கிலோ எலெக்ட்ரான் வோல்ட் தள்ளி, 186.2இல், ராடியம் 226இன் கோடு நிற்கிறது. ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தால் ஆன சிறந்த கருவியும் இரண்டையும் பிரிப்பதில்லை. ராடியத்தை வேறு வழியில் அளந்து கழிக்க வேண்டும்.

ஆல்பா நிறமாலை அளவீடு இந்தச் சிக்கல்களைத் தவிர்த்து, யுரேனியம் 238ஐயும் 234ஐயும் தனித்தனியே காட்டும். அதற்கு வேதிப் பிரிப்பும், இழப்பைக் கணக்கிட யுரேனியம் 232 சுவடும், நாள்கணக்கில் எண்ணும் பொறுமையும் தேவை. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை விரைவானது, மலிவானது. இங்கே தேடப்படும் சிறு வேறுபாட்டுக்கு அதன் கூர்மை போதாது.

கூடியிருப்பது உரத்தால்தானா

அளவு உண்மையிலேயே கூடியிருக்கிறது என்று தெரிந்த பிறகும், அதைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வி நிற்கிறது. பாசன நீரை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் யுரேனியம் உள்ள நிலத்தடி நீரை ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு 50 இலட்சம் லிட்டர் நீரோடு 50 கிராம் யுரேனியம் வந்து சேர்கிறது. மேலே கணக்கிட்ட உரத்தின் பங்கோ 13 கிராம். கிணற்று நீரை அளக்காமல் உரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையல்ல.

பிரித்தறிய உதவும் வழிகளில் எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றுபவை இரண்டு. ஒன்று, தோரியத்தோடு விகிதம் பார்ப்பது. களிமண் கூடும்போது யுரேனியமும் தோரியமும் சேர்ந்தே கூடுகின்றன. கடற்படிவப் பாஸ்பேட்டிலோ தோரியம் மிகக் குறைவு. ஆகவே யுரேனியத்தைத் தோரியத்தால் வகுத்தால் மண் நயத்தால் வரும் சிதறலின் பெரும்பகுதி விலகி, உரத்தின் சுவடு துலங்கும். தேவையான மாதிரிகளின் எண்ணிக்கையும் குறையும். மற்றொன்று ஐசோடோப்பு விகிதம். இயற்கை நீரில் யுரேனியம் 234இன் கதிரியக்கம் 238ஐவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். உரத்தில் அந்த விகிதம் ஏறத்தாழ ஒன்று. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில் உர வழி யுரேனியத்தை அடையாளம் காண இந்த விகிதம் பயன்படுத்தப்பட்டு, 2000இல் ஆய்வாக வெளிவந்தது. மண்ணின் சொந்த விகிதமும் ஒன்றை ஒட்டியே இருந்தால் மட்டும் இந்த முறை கைவிட்டுவிடும்.

மண்ணிலிருந்து நீருக்கும் பயிருக்கும்

மண்ணில் யுரேனியம் பெரும்பாலும் யுரேனைல் அயனியாக உலவுகிறது. சற்றே அமிலத்தன்மையிலிருந்து நடுநிலை வரையுள்ள மண்ணில் இரும்பு ஆக்சைடும் மக்கும் அதை இறுகப் பிடிக்கின்றன. காரத்தன்மையும் கரைந்த கார்பனேட்டும் கூடினால், கார்பனேட்டோடும் கால்சியத்தோடும் அது கரையும் கூட்டுப்பொருளாகி நீரோடு நகரும். ஒரே அளவு உரம் இரண்டு மண்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான். பயிருக்குள் ஏறுவது குறைவு. ஏறியதிலும் பெரும்பங்கு வேரிலேயே நின்றுவிடுகிறது.

நிலத்தடி நீர் விஷயத்தில் பாஸ்பேட்டைவிட நைட்ரேட் பெரிய பாத்திரம் வகிக்கக்கூடும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் கரையாமல் கிடக்கும் யுரேனியத்தை, மேலிருந்து இறங்கும் நைட்ரேட் ஆக்சிஜனேற்றம் செய்து கரைத்துவிடுகிறது. அமெரிக்காவின் இரு பெரும் நிலத்தடி நீர்ப்படுகைகளில் நைட்ரேட்டும் யுரேனியமும் சேர்ந்து உயர்வதை 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்த யுரேனியம் உர மூட்டையிலிருந்து வந்ததன்று, பாறையிலேயே இருந்தது. உரம் அதை எழுப்பிவிட்டது.

உடலைப் பொறுத்தவரை, இந்த அளவுகளில் கவலைக்குரியது யுரேனியத்தின் கதிரியக்கத்தைவிட அதன் வேதி நச்சுத்தன்மை. முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற தற்காலிக வழிகாட்டு மதிப்பை 2011இல் வைத்தது. ஜெர்மனி அதே ஆண்டில் 10 மைக்ரோகிராமைச் சட்ட வரம்பாக்கியது. வயல் மண்ணுக்குக் கனடாவின் வழிகாட்டு மதிப்பு கிலோவுக்கு 23 மில்லிகிராம். நம் எடுத்துக்காட்டு வேகத்தில் 2.7இலிருந்து 23ஐ எட்ட நாலாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். உரத்தின் பக்கம் பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உர ஒழுங்குமுறை காட்மியத்துக்கு வரம்பு விதித்தது, யுரேனியத்துக்கு விதிக்கவில்லை.

அறிக்கையிடம் கேட்க வேண்டியவை

1. எண் யுரேனியத்தின் எடையா, யுரேனியம் 238இன் பெக்கரலா, மூன்று ஐசோடோப்புகளின் கூட்டா, ஆக்சைடா?
2. அளந்தது யுரேனியத்தையா, ராடியத்தை அளந்து யுரேனியம் என்று எழுதியதா?
3. எந்த அமிலம், எந்தக் கரைப்பு? யுரேனிய அளவு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மண்ணை அதே தொகுதியில் அளந்தார்களா, அதற்கு என்ன விடை வந்தது?
4. வயலுக்கு எத்தனை மாதிரி, எந்த ஆழம், சிதறல் எவ்வளவு?
5. ஒப்பீட்டு நிலத்தின் மண் நயம் என்ன? தோரியம் அளக்கப்பட்டதா?
6. இட்ட உரத்திலும் பாய்ச்சிய நீரிலும் யுரேனியம் எவ்வளவு?

ஆறுக்கும் விடையுள்ள அறிக்கை அரிது. ஆறாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடையே இருக்காது, ஏனெனில் முப்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட உரத்தின் கைப்பிடி எதையும் யாரும் எடுத்து வைத்திருப்பதில்லை. ராதம்ஸ்டெட் ஆய்வால் உறுதியாகப் பேச முடிந்ததற்குக் காரணம் அதன் கருவி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உலர்த்தி, அடைத்து, தேதியிட்டு அலமாரியில் வைக்கப்பட்டிருந்த மண் மாதிரிகள்.